விண்வெளில இருந்து டங்ஸ்டன் கம்பி போட்டு விமானந்தாங்கி கப்பலை மூழ்கடிக்க முடியுமா?

கார்த்தி_நெல்லை:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மண்டையில ஓடிட்டு இருக்குற கேள்வி, இங்க ஃபிசிக்ஸ் தெரிஞ்சவங்க, கப்பல்ல வேலை பாத்தவங்க எல்லாம் இருக்கீங்கன்னு தைரியமா கேக்குறேன். பூமியைச் சுத்துற சாட்டிலைட்ல கனமான டங்ஸ்டன் கம்பிங்களை ஏத்தி வெச்சிட்டு, சண்டைன்னு வந்தா அதை கீழ தள்ளிவிட்டு அந்த வேகத்தாலேயே அடிக்கிற ஆயுதம் பத்தி வீடியோ வீடியோவா வருது. 1950கள்ல போயிங்ல இருந்த ஜெர்ரி பூர்னெல் யோசிச்சது, ப்ராஜெக்ட் தோர்னு பேரு, அப்புறம் 2003-ல அமெரிக்க விமானப்படை தன்னோட எதிர்காலத் திட்டத்துலயே ஹைப்பர்வெலாசிட்டி ராட் பண்டில்ஸ்னு சேத்திருந்துச்சு, இதெல்லாம் உண்மைன்னு தேடிப் பாத்து தெரிஞ்சுக்கிட்டேன்.

என் ரூம்மேட் சொல்றான், இது வந்துட்டா அமெரிக்காவோட ஜெரால்ட் ஃபோர்ட் மாதிரி ஒரு லட்சம் டன் விமானந்தாங்கி கப்பல் (கேரியர்) எல்லாம் வெறும் இரும்புக் குப்பை, மேல இருந்து ஒரு கம்பி போதும், அணுகுண்டு மாதிரி அடிக்கும், ஆனா கதிர்வீச்சு கிடையாது, தடுக்கவும் முடியாதுன்னு. எனக்கு நம்பவும் முடியல, மறுத்துப் பேசவும் தெரியல. நிஜமாவே அவ்ளோ சக்தி இருக்கா, இருந்தா இத்தனை வருஷமா ஏன் யாரும் செய்யல, ஓடுற கப்பலை அவ்ளோ உயரத்துல இருந்து குறி பாக்க முடியுமா? கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க, நான் மெக்கானிக்கல் ரெண்டாம் வருஷம், கணக்கு போட்டு சொன்னாலும் புரிஞ்சுக்குவேன்.

இயற்பியல்_வாத்தியார்:

தம்பி, முதல்ல அந்த அணுகுண்டு கதையை ஓரமா வெச்சிடுவோம், ஏன்னா இது நீங்களே பேப்பர்ல போட்டுப் பாக்கக் கூடிய கணக்கு. வழக்கமா சொல்ற அளவு 6.1 மீட்டர் நீளம், 30 செ.மீ விட்டம். டங்ஸ்டன் ஒரு கன மீட்டருக்கு 19.3 டன், அப்போ ஒரு கம்பி சுமார் 8.3 டன் வருது. தரையைத் தொடும்போது மாக் 10, அதாவது செகண்டுக்கு 3.4 கி.மீ.ன்னு சொல்றாங்க. அரை எம் வி ஸ்கொயர் போடுங்க, 4,800 கோடி ஜூல். டிஎன்டிங்கற வெடிமருந்து ஒரு டன் வெடிச்சா 418 கோடி ஜூல், வகுத்தா பதினொன்றரை டன் டிஎன்டி. ஹிரோஷிமா குண்டு 15,000 டன். ஆயிரம் மடங்குக்கும் மேல வித்தியாசம், அணுகுண்டு மாதிரின்னு வாய் கூசாம எப்படித்தான் சொல்றாங்களோ தெரியல.

அந்த பதினொன்றரை டன்னுக்குப் பக்கத்துல ஏற்கனவே ஒரு குண்டு இருக்கு, அமெரிக்காவோட மோஆப். 2017 ஏப்ரல் 13-ல ஆப்கானிஸ்தான்ல நங்கர்ஹார்ல போட்டாங்களே அதுதான். எடை 10 டன்னுக்குப் பக்கம், வெடிப்பு 11 டன் டிஎன்டி. அதை ஒரு சரக்கு விமானத்தோட பின் கதவு வழியா தள்ளி விட்டாங்க. அதே சக்திக்கு நீங்க 8 டன் உலோகத்தை விண்வெளிக்கு ஏத்தணும். நம்ம எல்விஎம்3, சந்திரயான்-3-ஐ அனுப்பின ராக்கெட், தாழ்வான சுற்றுப்பாதைக்கு சுமார் 8 டன்தான் தூக்கும். அதாவது நம்மகிட்ட இருக்குற பெரிய ராக்கெட்ல ஒரே ஒரு கம்பி கூட முழுசா போகாது.

ஒண்ணு மட்டும் நியாயமா சொல்லணும், காத்து உராய்வுல வேகம் எல்லாம் போயிடும்னு சிலர் சொல்வாங்க, அது பெரிய கம்பிக்குப் பொருந்தாது. ஒரு சதுர மீட்டர் மேல நிக்குற மொத்த காத்தோட எடை 10 டன் சொச்சம். 6.1 மீட்டர் கம்பி நிமிர்ந்து வந்தா அதே ஒரு சதுர மீட்டர் குறுக்குவெட்டுக்கு 118 டன் உலோகம். காத்தால அதை நிறுத்த முடியாது, சாய்வா வந்தாக்கூட நல்ல வேகத்தோடதான் கீழ வரும். முழு சுற்றுப்பாதை வேகத்துல, செகண்டுக்கு ஏழரை கி.மீ.ல அப்படியே வந்து மோதினாலும் 55 டன் டிஎன்டி பக்கம்தான். கப்பலுக்கு அது எமன்தான், சந்தேகமே இல்ல. ஆனா சக்தி இருக்காங்கறது இதுல ரொம்ப சுலபமான கேள்வி தம்பி, கஷ்டமெல்லாம் வேற இடத்துல இருக்கு.

விண்ணோடி:

வாத்தியார் சார் விட்ட இடத்துல இருந்து நான் சொல்றேன். வீடியோ எல்லாத்துலயும் காட்டுற முதல் தப்பு, சாட்டிலைட்ல இருந்து கம்பியை விட்டா நேரா கீழ விழற மாதிரி காட்டுறது. விழாது. ஓடுற ரயில்ல கையில இருந்து பந்தை விட்டா அது ரயிலோடயே வர்ற மாதிரி, கம்பியும் சாட்டிலைட் பக்கத்துலயே செகண்டுக்கு 7.6 கி.மீ.ல கூடவே சுத்திட்டு இருக்கும், வருஷக்கணக்கா. கீழ வரணும்னா பிரேக் அடிக்கணும், விண்வெளில பிரேக்னா எதிர்த்திசைல ராக்கெட் எரிக்கிறதுதான்.

500 கி.மீ உயரத்துல இருந்து கொஞ்சமா பிரேக் அடிச்சா, ஒரு 115 மீ/செ, பாதி பூமியைச் சுத்தி முக்கால் மணி நேரம் கழிச்சு ரொம்ப படுக்கையான கோணத்துல காத்துக்குள்ள நுழையும். 30 நாட் வேகத்துல (மணிக்கு சுமார் 55 கி.மீ) போற கேரியர் அந்த முக்கால் மணி நேரத்துல 40 கி.மீ தாண்டி இருக்கும். சீக்கிரம் வரணும்னா நல்லா பிரேக் அடிக்கணும். செகண்டுக்கு 1 கி.மீ அளவுக்கு வேகத்தைக் குறைச்சா நான் போட்ட கணக்குல காத்து மண்டலத்துக்குள்ள 10 டிகிரி கோணத்துல நுழையுது, மொத்தம் 11, 12 நிமிஷம் ஆகுது, விழற இடம் பிரேக் அடிச்ச இடத்துல இருந்து சுமார் 4,500 கி.மீ முன்னாடி. இந்த பிரேக்குக்கு மட்டும் 8.3 டன் கம்பிக்கு மூணரை டன் எரிபொருள் வேணும். செங்குத்தா விழணும்னா கிட்டத்தட்ட முழு வேகத்தையும் கொல்லணும், மேல ஏத்தினதுக்கு செலவழிச்சதை மறுபடியும் செலவழிக்கிற மாதிரி, அதை யாரும் செய்யப் போறதில்ல.

அடுத்தது, சாட்டிலைட் உங்களுக்காக ஒரே இடத்துல நிக்காது. 500 கி.மீ.ல ஒரு சுத்து 95 நிமிஷம், அதுக்குள்ள பூமி கீழ 24 டிகிரி திரும்பிடும், நடுக்கோட்டுல அது 2,600 கி.மீ தூரம். அதனால ஒரு சாட்டிலைட் ஒரு குறிப்பிட்ட கடல் பகுதிக்கு ஒரு நாள்ல சில தடவைதான் தோதா வரும். எப்ப வேணும்னாலும் எங்க வேணும்னாலும் 12 நிமிஷத்துல அடிக்கணும்னா கூட்டமா வெக்கணும். ஒவ்வொண்ணும் பக்கவாட்டுல 1,000 கி.மீ ஆர வட்டத்தை கவர் பண்ணும்னு தாராளமா வெச்சுக்கிட்டாலும் (நிஜத்துல அவ்ளோ திரும்பவே எரிபொருள் தாங்காது) பூமியோட 51 கோடி சதுர கி.மீ.க்கு 160-க்கு மேல வேணும், அதுவும் ஒண்ணோட ஒண்ணு மேல படாம அடுக்கினா. அப்படி அடுக்கினதுக்கப்புறம் ஒரு இடத்துக்கு ஒரே ஒரு கம்பிதான் கிடைக்கும், அது தப்பினா அடுத்தது வர்ற வரைக்கும் காத்திருக்கணும். ஸ்பேஸ்எக்ஸோட ஃபால்கன் ஹெவி ராக்கெட், திருப்பி எடுக்காம முழுசா எரிச்சுப் போட்டா 63.8 டன் தூக்கும், கம்பி, எரிபொருள், கட்டமைப்பு எல்லாம் சேத்து அஞ்சு ஏத்தலாம். 160-க்கு 32 தடவை ஏவணும். பணம் இருந்தா இன்னைக்கு முடியாததுன்னு இல்ல, ஆனா அத்தனையும் ஒரு சண்டையில ஒரு இடத்துல ஒரு அடி அடிக்கிறதுக்கு.

கார்த்தி_நெல்லை:

சார், விண்ணோடி ப்ரோ, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, கணக்கைத் திரும்ப போட்டுப் பாத்தேன், சரியா வருது. ஆனா ஒரு சந்தேகம். 2022 செப்டம்பர்ல நாசாவோட டார்ட், டைமார்ஃபஸ்ங்கற குட்டி விண்கல்லை செகண்டுக்கு 6.1 கி.மீ வேகத்துல போய் மோதுச்சே? அது 1.1 கோடி கி.மீ தள்ளி, கல்லோட அகலம் 160 மீட்டர்தான், ஃபோர்ட் கேரியர் நீளம் 337 மீட்டர். அவ்ளோ தூரத்துல அவ்ளோ சின்னதை அடிக்க முடியுதுன்னா 500 கி.மீ கீழ இருக்குற பெரிய கப்பலை ஏன் அடிக்க முடியாது?

தேன்மொழி_ரேடார்:

கார்த்தி, ரொம்ப நல்ல கேள்வி, இந்த த்ரெட்லேயே முக்கியமான கேள்வி இதுதான்னு நினைக்கிறேன். டார்ட்டுக்கு ரெண்டு வசதி இருந்துச்சு. ஒண்ணு, விண்கல் ஒதுங்கிப் போகாது, எந்த நேரத்துல எங்க இருக்கும்னு முன்னாடியே தெரியும். ரெண்டாவது, நடுவுல காத்து இல்ல. அதோட கேமரா மோதுற கடைசி செகண்ட் வரைக்கும் படம் எடுத்து அனுப்பிட்டே இருந்துச்சு, அது தானே பாத்துப் பாத்து தன்னைத் திருப்பிக்கிச்சு. அதே கேமராவை கம்பி முனைல வெச்சு காத்துக்குள்ள செகண்டுக்கு 7 கி.மீ.ல விட்டுப் பாருங்க. முன்னாடி இருக்குற காத்து நசுங்கி பல ஆயிரம் டிகிரிக்குப் போய் ப்ளாஸ்மா, அதாவது மின்னேறின வாயு ஆயிடும். டங்ஸ்டன் 3,422 டிகிரி வரைக்கும் உருகாது, கம்பி தாங்கும், ஆனா கேமரா கண்ணாடி தாங்காது, ப்ளாஸ்மா உறையால ரேடியோ சிக்னலும் சரியா உள்ள வெளிய போகாது. விண்வெளி வீரர்கள் திரும்பி வர்றப்போ சில நிமிஷம் தொடர்பு அறுந்து போகுதே, அதே சமாச்சாரம்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, நிறைய பேர் கவனிக்கறதில்ல. கப்பல் 12 நிமிஷத்துல 11 கி.மீ நகர்ந்துடும்ங்கறது அவ்ளோ பெரிய பிரச்சனை இல்ல, ஏன்னா காத்துக்கு மேல இருக்குறப்பவே யாராவது கப்பல் இப்ப இங்க இருக்குன்னு சொன்னா செகண்டுக்கு 20 மீட்டர் அளவுக்கு சின்னதா ஒரு தள்ளு தள்ளி சரி பண்ணிக்கலாம். கஷ்டம் கடைசி 100 கி.மீ உயரத்துல. 10 டிகிரி கோணத்துல வந்தா காத்துக்குள்ள 500 கி.மீ.க்கு மேல ஓடணும், அது 80 செகண்ட் பக்கம். அந்த 80 செகண்ட் குருடு. கப்பல் செகண்டுக்கு 15 மீட்டர் போகும், திருப்பமும் எடுக்கும், அப்போ 1.2 கி.மீ ஆரத்துல எங்க வேணும்னாலும் இருக்கலாம். கம்பியோட முனை 30 செ.மீ.

அப்போ கண்ணைத் திறக்க என்ன வழின்னா வேகத்தைக் குறைக்கணும். அமெரிக்காவோட பெர்ஷிங்-2 அதைத்தான் செஞ்சுச்சு. 1983-ல ஐரோப்பால நிறுத்தின ஏவுகணை அது, கீழ வர்றப்போ மூக்கைத் தூக்கி ஒரு வளைவு எடுத்து வேகத்தைக் கொன்னு, அப்புறம் ரேடார்ல தரையோட படம் எடுத்து மெமரில இருக்குற படத்தோட ஒப்பிட்டுப் பாத்து 30 மீட்டர் துல்லியத்துல விழற மாதிரி பண்ணாங்க. அதுவும் நகராத இலக்குக்கு. சீனாவோட டிஎஃப்-21டிங்கற ஏவுகணை ஒரு கப்பலை அடிக்கணும்னா அதுவும் இதே மாதிரி கடைசில வேகம் குறைச்சு, தேடி, திரும்பித்தான் ஆகணும். கம்பிக்கோ வேகம்தான் வெடிமருந்து. செகண்டுக்கு 7 கி.மீ.ல இருந்து ஒன்றரை கி.மீ.க்கு இறக்கினா சக்தி இருபதுல ஒரு பங்குக்குக் கீழ போயிடும், அதே எடைக்கு வெடிமருந்து வெச்சிருந்தாலே அதைவிட நல்லா அடிக்கும். வேகம் வேணும்னா கண்ணு போகுது, கண்ணு வேணும்னா வேகம் போகுது, கப்பலுக்கு எதிரா இந்த ஆயுதம் மாட்டிக்கிற இடம் இதுதான்னு நான் உறுதியா சொல்வேன்.

கப்பல்காரர்:

நான் வணிகக் கப்பல்ல டெக் ஆபீசரா இருந்து ரிட்டயர் ஆனவன், செங்கடல் வழியா பல தடவை போயிருக்கேன், அதனால கண்டுபிடிக்கிற விஷயத்தைப் பத்தி மட்டும் சொல்றேன். தேன்மொழி சொன்னாங்களே, யாராவது கப்பல் இப்ப எங்க இருக்குன்னு சொன்னா சரி பண்ணிக்கலாம்னு. அந்த யாராவதுதான் இந்தக் கதையில பாதி.

சோவியத்காரங்க இதுக்காக என்ன பாடுபட்டாங்கன்னு பாருங்க. அமெரிக்க கேரியர்களைத் தேடறதுக்குன்னே ரேடார் சாட்டிலைட் செஞ்சாங்க, கப்பல் தெரியணும்னா ரேடார் தாழ்வா பறக்கணும், தாழ்வா பறந்தா பெரிய சோலார் பேனல் காத்துல இழுக்கும், அதனால உள்ள அணு உலையே வெச்சாங்க. அதுல ஒண்ணு, காஸ்மோஸ் 954, 1978 ஜனவரில கனடால விழுந்து கதிர்வீச்சுத் துண்டுங்களைப் பனிக்காட்டுல பொறுக்க வேண்டியதாச்சு. அவ்ளோ செலவழிச்சும் எல்லா நேரமும் எல்லா கேரியரையும் அவங்களால பாத்துட்டு இருக்க முடியல. இன்னைக்கு நிலைமை மாறிட்டு வருது, உண்மைதான். சீனா 2023-ல லூடி டான்சே-4ங்கற ரேடார் சாட்டிலைட்டையும் யாவோகன்-41ங்கற படம் எடுக்கற சாட்டிலைட்டையும் 36,000 கி.மீ உயரத்துல நிறுத்திடுச்சு, ஒரே கடல் பகுதியை விடாம பாத்துட்டே இருக்கலாம். கப்பல்காரனுக்கு டங்ஸ்டன் கம்பியை விட இதுதான் எனக்குப் பெரிய செய்தியாப் படுது.

செங்கடல்ல நடந்ததையும் பாருங்க. கப்பல் மேல பாலிஸ்டிக் ஏவுகணை (மேல எழும்பி வளைஞ்சு வந்து விழறது) சண்டையில முதல் தடவையா விழுந்தது ஏமன்ல இருக்குற ஹூதிங்க 2023 கடைசில ஆரம்பிச்ச தாக்குதல்லதான். ரூபிமார் 2024 பிப்ரவரி 18-ல அடிபட்டு மார்ச் 2-ல மூழ்குச்சு, ரெண்டு வாரம் மிதந்துட்டுத்தான் போச்சு. ட்ரூ கான்ஃபிடன்ஸ் மார்ச் 6-ல அடிபட்டு மூணு பேர் செத்தாங்க, 21 பேரை நம்ம ஐஎன்எஸ் கொல்கத்தா போய்க் காப்பாத்துச்சு. அந்தச் செய்தி வந்தப்போ எங்க பழைய கூட்டாளிங்க யாருக்கும் ராத்திரி தூக்கம் இல்ல. இந்த ரெண்டும் சரக்குக் கப்பல், நேரா, மெதுவா, தெரிஞ்ச பாதைல போறது. அதே கடல்ல அமெரிக்காவோட ஐசனோவர் கேரியர் மாசக்கணக்கா சுத்திட்டு இருந்துச்சு, அடிச்சுட்டோம்னு ஹூதிங்க சொன்னாங்க, ஆனா அடிபட்டதுக்கு ஆதாரம் ஒண்ணும் வரல. கேரியர் ரேடாரை அணைச்சுட்டு ஓடும், திசை மாத்தும், சுத்தி இருக்குற டெஸ்ட்ராயர் போர்க்கப்பலுங்க வர்ற ஏவுகணையை நடுவானத்துலயே சுட்டுத் தள்ளும்.

சேலம்_சிவா:

எல்லாரும் ஒரே பெரிய கம்பியையே பிடிச்சிட்டு இருக்கீங்க, நான் கொஞ்சம் மறுத்துப் பேசறேன். 2003 அறிக்கையோட பேர்லயே பண்டில்ஸ்னுதான் இருக்கு. சின்னதா 100 கிலோ கம்பிங்களை நிறைய கொண்டு வந்து மழை மாதிரி தூவினா குறி பாக்கவே வேண்டாமே. கேரியரை மூழ்கடிக்கணும்னு அவசியமும் இல்ல. 1967 ஜூலை 29-ல வியட்நாம் பக்கத்துல ஃபாரெஸ்டல் கேரியர்ல என்ன ஆச்சு? தன் விமானத்துல இருந்தே தவறுதலா ஒரு சின்ன ராக்கெட் கிளம்பி, எரிபொருள் கொட்டி, டெக்ல இருந்த குண்டுங்க வெடிச்சு 134 பேர் செத்தாங்க, கப்பல் மூழ்கல ஆனா சண்டையை விட்டே போயிடுச்சு. டெக் முழுக்க எண்ணெயும் குண்டும் இருக்குற கப்பல்ல செகண்டுக்கு 3 கி.மீ.ல நாலு ஓட்டை போட்டா போதும், ஒரு வருஷம் ட்ரை டாக்தான் (தண்ணியை வடிச்சு கப்பலை ரிப்பேர் பண்ற இடம்).

இன்னொண்ணு, பெரிய கம்பி அப்படியே ஓட்டை போட்டுட்டு அடியில போயிடும், கப்பலுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சில இடத்துல எழுதறாங்க, அதையும் நான் ஏத்துக்கல. அந்த வேகத்துல டங்ஸ்டனும் தண்ணியும் ரெண்டுமே திரவம் மாதிரித்தான் நடந்துக்கும், 6 மீட்டர் கம்பி முழுசா தேஞ்சு போக 25 மீட்டர் தண்ணி போதும். அப்போ பதினொன்றரை டன்னோட பெரும்பகுதி கப்பலோட அடிவயித்துக்குக் கீழயே இறங்குது. அமெரிக்க நீர்மூழ்கிங்க ஏவுற மார்க் 48 டார்பிடோல வெடிமருந்து 300 கிலோதான், அது அடியில வெடிச்சே கப்பலோட முதுகை முறிக்குது.

இயற்பியல்_வாத்தியார்:

சிவா, அடியில இறங்குற சக்தி பத்தி சொன்னது நியாயமான வாதம், நேரா விழுந்தா கேரியருக்கு ரொம்ப மோசம்தான், நான் மறுக்கல. ஆனா தாங்குற சக்தியையும் குறைச்சு எடை போடாதீங்க, 2005-ல யுஎஸ்எஸ் அமெரிக்காங்கற பழைய கேரியரை வேணும்னே அடிச்சு சோதிச்சாங்க, நாலு வாரம் விதவிதமா வெடிக்க வெச்சும் தாங்கி நின்னுச்சு, கடைசில மே 14-ல உள்ளயே வெடி வெச்சுத்தான் மூழ்கடிச்சாங்க.

தூவற கணக்கை இப்ப போடுவோம். கேரியர் டெக் அகலம் 75 மீட்டர்னு வெச்சுக்குங்க, ஒரு கம்பியாவது கண்டிப்பா படணும்னா 70 மீட்டருக்கு ஒண்ணு விழணும், ஒரு சதுர கி.மீ.க்கு 200 கம்பி. தேன்மொழி சொன்ன 1.2 கி.மீ ஆர வட்டம் நாலரை சதுர கி.மீ, அதுக்கு 900 கம்பி, 100 கிலோன்னா 90 டன், பிரேக் எரிபொருள் தனி. இவ்ளோவும் கொட்டி சராசரியா கேரியர் மேல விழறது நாலஞ்சு கம்பி, ஒவ்வொண்ணும் 100 கிலோ டிஎன்டி அளவு. கப்பல் இருக்குற இடம் முதல்லயே 5 கி.மீ தள்ளித் தப்பாச் சொல்லியிருந்தாங்கன்னா 90 டன்னும் மீனுக்குத்தான். 100 கிலோ கம்பி ஒரு மீட்டர் நீளம்தான் வரும், ஒரு சதுர மீட்டருக்கு 19 டன்தான், நான் பெரிய கம்பிக்கு சொன்ன மாதிரி காத்தை அலட்சியம் பண்ண முடியாது, 10 டிகிரி சாய்வுல வந்தா 60 டன் காத்தைக் கிழிச்சுட்டு வரணும், வேகமும் போகும், சிதறலும் கூடும்.

விண்ணோடி:

கார்த்தியோட இன்னொரு கேள்வி பதில் இல்லாம நிக்குது, ஏன் யாரும் செய்யலன்னு. என்னைக் கேட்டா தடுத்தது சட்டம் இல்ல. 1967 விண்வெளி ஒப்பந்தம் சுற்றுப்பாதைல அணு ஆயுதத்தையும் பேரழிவு ஆயுதத்தையும்தான் தடை பண்ணுது, உலோகக் கம்பியை இல்ல. காரணம் என்னன்னா இதே வேலையை தரைல இருந்து கிளம்புற ஏவுகணை செய்யுது. டிஎஃப்-21டி 1,500 கி.மீ போகும், டிஎஃப்-26 சுமார் 4,000 கி.மீ, ரெண்டையும் சீனா 2020 ஆகஸ்ட்ல தென்சீனக் கடல்ல ஏவிக் காட்டுச்சு. லாரி மேல காட்டுக்குள்ள ஒளிஞ்சு இருக்கும், ரிப்பேர் பண்ணலாம், எப்ப வேணும்னாலும் கிளம்பலாம், 95 நிமிஷம் காத்திருக்க வேண்டாம். சுற்றுப்பாதைல இருக்குறது எங்க எப்ப வரும்னு எதிரிக்கு கால அட்டவணையே தெரியும். 2007-ல சீனா தன் சாட்டிலைட்டை 860 கி.மீ.க்கு மேல அடிச்சுது, 2008-ல அமெரிக்கா ஒரு கப்பல்ல இருந்தே எஸ்எம்-3 ஏவுகணையை ஏவி 247 கி.மீ.ல ஒண்ணை அடிச்சுது, 2019 மார்ச் 27-ல மிஷன் சக்தில நாமளும் 300 கி.மீ பக்கத்துல அடிச்சோம். எந்தக் கப்பலை அடிக்க கம்பியை வெக்கிறோமோ அதே மாதிரி கப்பலே கம்பி வெச்சிருக்குற சாட்டிலைட்டை முதல்ல அடிச்சிடலாம்.

வெடிமருந்து இல்லாம வேகத்தால மட்டும் அடிச்சா எப்படி இருக்கும்னு பாக்க ஓரளவு நிஜ உதாரணமும் வந்துடுச்சு. 2024 நவம்பர் 21-ல ரஷ்யா ஓரெஷ்னிக் ஏவுகணையை உக்ரைன்ல நிப்ரோ நகரத்து தொழிற்சாலை மேல போட்டுச்சு. உக்ரைன் தரப்பு சொன்னபடி அதோட முனைல வெடிமருந்தே இல்ல. வீடியோல வானத்துல இருந்து ஒளிக்கோடு கோடா இறங்கறது பாக்க பயங்கரமா இருந்துச்சு, ஆனா சேதம் பயந்த அளவுக்கு இல்ல. நகராத, கிலோமீட்டர் கணக்குல பரந்து கிடக்குற தொழிற்சாலைக்கே அவ்ளோதான்.

அமெரிக்காவும் 2006-ல ட்ரைடென்ட் ஏவுகணைல அணுகுண்டுக்குப் பதிலா சாதாரண முனை வெச்சு உலகத்துல எங்கயும் அரைமணில அடிக்கலாம்னு திட்டம் போட்டுச்சு. ரஷ்யாக்காரன் ரேடார்ல பாக்குறப்போ அது அணுகுண்டா இல்லையான்னு எப்படித் தெரியும்னு கேட்டு அமெரிக்க நாடாளுமன்றம் (காங்கிரஸ்) பணம் தரல. கம்பிக்கும் அதே சிக்கல் இருக்கு, வானத்துல இருந்து ஏதோ இறங்குதுன்னு பாக்குறவனுக்கு முடிவு எடுக்க 12 நிமிஷம்தான்.

கார்த்தி_நெல்லை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரூம்மேட்டுக்கு இந்த த்ரெட்டையே அனுப்பிட்டேன். அவன் ஒரே ஒரு கேள்வி கேக்கச் சொன்னான், ஓடுற கப்பல் வேண்டாம், துறைமுகத்துல கட்டிப் போட்டிருக்குற கப்பலை அடிக்கலாமே? அது நகராது, கண்ணு தேவையில்ல, ஜிபிஎஸ் இடம் தெரிஞ்சா போதுமேன்னு.

கப்பல்காரர்:

தம்பி, அவர் கேட்டது சரிதான், கம்பிக்குத் தோதான இலக்கு அதுதான். ஆனா கட்டிப் போட்ட கப்பலை அடிக்க விண்வெளிக்குப் போகத் தேவையில்ல. 2023 செப்டம்பர் 13-ல உக்ரைன், செவாஸ்டோபோல் ட்ரை டாக்ல இருந்த ரஷ்யாவோட மின்ஸ்க்ங்கற தரையிறங்கு கப்பலையும் ராஸ்டோவ்-ஆன்-டான்ங்கற நீர்மூழ்கியையும் விமானத்துல இருந்து ஏவுற சாதாரண க்ரூஸ் ஏவுகணையால அடிச்சிடுச்சு.

அதோட, அடி வருதுன்னு தெரிஞ்சா கடற்படை முதல்ல செய்யறது துறைமுகத்தை காலி பண்றதுதான். 1942 ஏப்ரல்ல ஜப்பான் கேரியருங்க இலங்கைப் பக்கம் வருதுன்னு தெரிஞ்சதும் பிரிட்டிஷ்காரங்க கொழும்புல இருந்தும் திருகோணமலைல இருந்தும் கப்பல்களை வெளிய அனுப்பிட்டாங்க. திருகோணமலைல இருந்து கிளம்பின ஹெர்மீஸ் கேரியர்ல அப்போ விமானம் இல்ல, கரையோரமா தெற்கே போயிட்டு இருந்துச்சு, ஏப்ரல் 9 காலைல ஒரு ஜப்பான் வேவு விமானம் அதைப் பாத்து ரேடியோல சொல்லிடுச்சு, சில மணி நேரத்துல டைவ் பாம்பருங்க கூட்டமா வந்து மட்டக்களப்புக்கு அப்பால மூழ்கடிச்சதுல 300 பேருக்கு மேல செத்தாங்க. உங்க ரூம்மேட்டுக்கு ஆர்வம் இருந்தா கம்பியை விட்டுட்டு அந்த வேவு பாக்குற பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்க, யாவோகன் வரிசை சாட்டிலைட்டுங்கள்ல இருந்து ஆரம்பிக்கலாம்.